முப்பத்தொன்றாம் எண் ரத்தம்

மார்ச் 4
சிகரெட் ஆய்வில் புகைக்காதவர் பட்டியலுக்கு ஆள் போதவில்லை என்று பேராசிரியர் ஆய்வக ஊழியர்களான எங்களிடமே ரத்தம் கேட்டார். படிவத்தை வீட்டில் மகள்தான் நிரப்பினாள். "அப்பா, புகைபிடிக்கும் பழக்கம்?" அவள் பிறந்த அன்றே நான் விட்டுவிட்டதாகத்தான் அவளுக்குத் தெரியும். "இல்லம்மா." பெரிதாக டிக் போட்டாள்.
ஒரு நாளைக்கு ஆறு.

மார்ச் 19
நாள் முழுக்க நுண்ணோக்கி. ஆளுக்கு இரண்டாயிரம் செல். குரோமோசோம் உடைந்தால் அந்தத் துண்டு உட்கருவுக்குப் பக்கத்தில் குட்டிப் பொட்டாகத் தனியே நிற்கும். அதை எண்ணுவதுதான் எனக்கும், ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான அக்காவுக்கும் வேலை. அக்கா இருபது வருடமாக எண்ணுகிறார். எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் காட்டுவேன்.

மார்ச் 27
பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டார். "முப்பத்தொண்ணாம் எண்ணுக்கு இருபத்தாறு பொட்டு எழுதியிருக்கீங்க. வயசான பொம்பளைங்கன்னா சரி, அவங்களுக்கு அதிகமாத்தான் வரும். இவர் நாப்பத்திரண்டு வயசு ஆம்பளை, சிகரெட் தொடாதவர். சாயக் கறையையும் சேர்த்து எண்ணிட்டீங்களா?"
ஸ்லைடில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; ஆனால் ரத்தம் கொடுத்தவர்களில் அந்த வயது ஆண் நான் ஒருத்தன்தான். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 28
இன்றும் திறக்கவில்லை.

ஏப்ரல் 2
பத்து நாள் வேலையை அக்காவையே திரும்ப எண்ணச் சொல்லிவிட்டார்கள். மதியம் சாப்பிடாமல் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். "வயசாச்சுல்ல தம்பி, கண்ணு ஏமாத்துது போல."
"ரெஸ்ட் எடுங்கக்கா" என்றேன். அவ்வளவுதான் வந்தது — சே, என்ன மனுஷன் நான்?

ஏப்ரல் 9
சொல்லிவிட்டேன். பேராசிரியர் திட்டவில்லை. "ஒரே ஆளை வெச்சு சிகரெட்தான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா படிவம் பொய்னா மொத்த ஆய்வும் பொய்." என் ரத்தத்தைப் பட்டியலிலிருந்து நீக்கினார். ஸ்லைடை அவரே எண்ணிப் பார்த்தார். இருபத்தாறு.
வீட்டிலும் சொன்னேன். மகள் எழுந்து போனாள்.

ஏப்ரல் 10
அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்க மேல கோவம் இல்ல தம்பி. ரெண்டு வாரமா என் கண்ணையே நான் நம்பல. இப்ப எண்ண உக்காந்தா ஒவ்வொரு பொட்டையும் மூணு தடவ பாக்குறேன்." பதிவுப் பிரிவுக்கு மாற்றல் கேட்டிருக்கிறாராம்.

ஏப்ரல் 21
ஐந்து நாள் சிகரெட்டைத் தொடவில்லை. இன்று ஒன்று. மகளிடம் சொன்னேன். "ஒண்ணுதானாப்பா?" ஒன்றுதான். நம்பினாளா, தெரியவில்லை.

மே 6
ஒரு செல்லில் இருப்பது பொட்டா, கறையா என்று பிடிபடவில்லை. "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று திரும்பினேன். அக்கா மாறிப் போன இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. பதிவுப் பிரிவு வரை போனேன். அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன்.