அடுப்புமேல் காய்ந்த துண்டு

அன்புள்ள அம்மாவுக்கு, ராஜ்குமார் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று தங்கச்சி மேகலா சொன்னாள். அதனால் லீவில் ஏற்காடு வரும் என் அறைத்தோழன் தினேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குவைத்தில் நான் நன்றாக இருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. மொட்டைமாடியில் நின்றபோது, தூரத்தில் மங்கலாக என்னவோ எழும்பி வந்தது. நம்மூர்க் கிளியூர்ப் பள்ளத்திலிருந்து மேகம் ஏறுமே, அதே மாதிரி. “மேகம் ஏறுது சாமி, துணிய எடு!” என்று நீங்கள் கத்துவது போலவே இருந்தது. கொடியில் கிடந்த எல்லோர் துணியையும் உருவிக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். முகம் நனையட்டும் என்று திரும்ப மாடிக்குப் போய் நின்றேன். வந்தது புழுதிக்காற்று! வாய் நிறைய மணல். கண் கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

“ஏனுங்க, புழுதி வருதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?” என்று தினேஷ் கேட்டான். மேகம் என்று நினைத்ததை நான் சொல்லவில்லை.

இங்கே துணி நொடியில் காய்ந்துவிடுகிறது. ஒரு வாசமும் இல்லை. அங்கே மழை பிடித்திருக்குமே, அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்த துண்டு ஒன்றைத் தினேஷிடம் கொடுங்கள். மேகலாவுக்குத் தெரியாமல் கொடுங்கள். புகை நாற்றம் என்று துவைத்துவிடுவாள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்,
ராஜ்குமார்