சாட்சிக்கு ஒரு விமான டிக்கெட்

5 ஆகஸ்ட் 1991, திங்கள்

புழுக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகள் மாலதியுடன் போனில் பேசுமுன், அமெரிக்கச் சட்டம் பற்றி நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்தது. சரியாகப் புரிந்துகொண்டேனா, சந்தேகமே.

1. மாநிலக் கோர்ட்டு வேறு, மத்தியக் கோர்ட்டு வேறு. அடிதடி மாநிலத்தில்.
2. தீர்ப்பு சொல்வது ஜூரி. முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர். நம் பெண் சொல்வதை நம்புவார்களா?
3. புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் வழக்கு முடிந்தது.
4. குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு வசதி.

மாப்பிள்ளை அடித்தார். மாலதி போலீசைக் கூப்பிட்டாள். அவர் இப்போது ஜாமீனில். 20-ஆம் தேதி விசாரணை.

6, செவ்வாய்

குன்றத்தூரிலிருந்து சம்பந்தி. ஒரு பை ஆப்பிள். இவ்வளவு குழைவு கல்யாணத்தன்றுகூட இல்லை.

"இன்னா சம்பந்தி, புருசன் பொண்டாட்டின்னா நாலு இருக்கும். பொண்ணு இங்க வந்து ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுக்கட்டும். பதினெட்டாந்தேதிக்கு டிக்கெட் நான் போடறேன்."

வாபஸ் என்ற பேச்சே எடுக்கவில்லை. ஏன்? 18 ஏன்?

மனைவி கமலா ஆப்பிளைத் தொடவில்லை. "கல்யாணப் பந்தியில அப்பளம் பத்தலைன்னு கத்தின மனுசன். இப்ப ஏரோப்ளேன் டிக்கெட்டு வாங்கித் தராராமா?"

7, புதன்

மழை. சுங்குவார்சத்திரம் டெலிபோன் பூத். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் வரிசையில். கதவு சரியாக மூடவில்லை.

வரிசையில் ஒருவன்: "இன்னா பெருசு, உள்ளயே குடித்தனமா?"

அவசரத்தில் கேட்டேவிட்டேன். "வாபஸ் வாங்கிடும்மா. நமக்கு எதுக்கு கோர்ட்டு?"

"கேஸ் நான் போட்டதில்லப்பா, கவர்மென்ட் போட்டது. நான் வேணாம்னாலும் அவங்கதான் நிறுத்தணும். நான் வெறும் சாட்சி. வீட்ல வேற யாரு பாத்தாங்க?"

டிக்கெட்டைப் பற்றிச் சொன்னேன்.

"என்னிக்கு?"

"பதினெட்டு."

சிரித்தாள். பிறகு, "நீங்களும் வரச் சொல்றீங்களாப்பா?"

லைன் கட். அல்லது நான் வைத்துவிட்டேன்.

வழியெல்லாம் யோசனை. வழக்கை அவளால் நிறுத்த முடியாது. ஆனால் சாட்சி ஊரில் இல்லாவிட்டால்?

8, வியாழன்

மழை விட்டது. காலையில் மறுபடி பூத். ஒரே வாக்கியம்: "சாட்சி சொல்லிட்டு வாம்மா." அவள் "சரிப்பா" என்றாள். அழுதாளோ.

மாலை சம்பந்தி. "பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

"இருபதாந்தேதி முடிஞ்சு வருவா. டிக்கெட் நாங்களே போட்டுக்கறோம்."

"வாத்தியார் சட்டம் படிச்சிகினு கீறாரா?"

கமலா ஆப்பிள் பையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

திங்களன்று எழுதியதில் 3-ஆவது தவறு. அது எனக்கு முன்பே சம்பந்திக்குத் தெரிந்திருக்கிறது.