மூலத்தில் உள்ளபடியே

மார்ச் 3, செவ்வாய்

புதுக் கண்ணாடி சரியில்லை. எழுத்து பெரிதாகத் தெரிகிறது, தலைவலியும் பெரிதாக வருகிறது. அரசு அச்சகத்தில் இருபத்தாறு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறவளுக்குக் கண் போனால் வேறென்ன மிச்சம்? என்னோடு வேலை பார்க்கிற சோடாபுட்டி (கண்ணாடியின் தடிமனுக்கு நாங்கள் வைத்த பெயர்) மூலத்தை உரக்கப் படிப்பார், நான் அச்சுப்படியில் விரல் வைத்துக்கொண்டே போவேன். கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எதையும் விடமாட்டார், ராகம் போட்டுப் படிப்பார். வீட்டில் மனைவியிடமும் இப்படித்தான் பேசுவாரோ என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

அரசிதழுக்கு வந்த ஒரு சட்டத்தில் பிரிவு எண் ஒன்று விட்டுப்போயிருந்தது. மூலத்தில் நாங்களாகக் கை வைக்கக் கூடாது. வழக்கப்படி, இது சரிதானா என்று கேள்விச் சீட்டு எழுதி அமைச்சர் அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 4, புதன்

வாங்கிக் கட்டிக்கொண்டேன். அமைச்சரின் செயலாளர் எங்கள் மேலாளரைப் போனில் காய்ச்சி எடுத்துவிட்டாராம். மதியம் எழுத்திலேயே வந்துவிட்டது: “இனி கேள்விச் சீட்டுகள் அனுப்பப்படக் கூடாது. மூலத்தில் உள்ளபடியே அச்சிடவும்.”

மேலாளர் அதை என் மேஜையில் போட்டார். “உங்களுக்கு எதுக்கு மேடம் வேண்டாத வேலை?”

வேண்டாத வேலையா? இந்த வேலைக்குத்தானே என்னை வைத்திருக்கிறார்கள்! கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

துறைமுகச் சட்டம் வந்துவிட்டது. தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை, பெரிய கேட்டின் கம்பெனிக்கு.

தூதரகச் சாலையில் இடது பக்கம் இருக்கும் தூதரகம்தான் பெரிய கேட். எதிரே இருப்பது நெட்டைச் சுவர். ஊரில் யாரும் அந்த இரண்டு நாடுகளையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. யார் மந்திரி, யாருக்கு எந்த இலாகா என்பதை அந்த இரண்டு வீடுகளில்தான் முடிவு செய்கிறார்கள் என்பது டீக்கடை வரை தெரிந்த ரகசியம். ஆனால் அதைக் கையில் தொட்டுப் பார்த்தது இன்றுதான். எங்கள் அரசாங்கக் காகிதம் நீளமானது, கோப்பில் கோர்க்க இரண்டு ஓட்டை. இது கட்டையான வெளிநாட்டுக் காகிதம், மூன்று ஓட்டை. கடைசிப் பக்கத்தில் அமைச்சரின் கையெழுத்து மட்டும்தான் நம்முடையது.

பதினான்காம் பிரிவில் சோடாபுட்டியின் ராகம் நின்றது. இப்போதுள்ள தொழிலாளர் அனைவரையும் ஆறு மாதத்தில் வெளியேற்றும் பிரிவு அது. அதில் நம் துறைமுகத்தின் பெயர் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிற வேறொரு நாட்டின் துறைமுகம், அந்த நாட்டின் பெயரோடு. அங்கே போட்ட சட்டத்தையே எடுத்து, பெயர்களை மாற்றிக்கொண்டே வந்து, இந்த ஓர் இடத்தில் மறந்துவிட்டார்கள்.

“அக்கா, என்ன பண்றது?”

“சீட்டு அனுப்பக் கூடாதுன்னு எழுத்துல இருக்கே. படிங்க.”

படித்தார். நானும் விரலை நகர்த்தினேன். மூலத்தில் உள்ளபடியே இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

நான் செய்வது கடமையா, கள்ளத்தனமா?

மார்ச் 15, ஞாயிறு

தம்பி வந்தான். இருபது வருடமாகத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

“துறைமுகத்தைத் தூக்கிக் குடுக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபடுதுக்கா. உங்க ஆபீஸுக்கு ஏதாவது வந்துச்சா?”

“எதுவும் வரலடா.”

அச்சாகும் வரை வாய் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துதான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. அவன் நம்பிவிட்டான், அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

அமைச்சர் அலுவலகத்துக்குப் பேசக் காலையில் மூன்று தடவை போனை எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்து நிமிடத்தில் பெயரை மாற்றிவிடுவார்கள், சட்டமும் சத்தமில்லாமல் வந்துவிடும். சொல்லாவிட்டால் என் தலை உருளும். ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது. மூன்று தடவையும் வைத்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பக்கங்கள் இயந்திரத்துக்குப் போயின.

மார்ச் 18, புதன்

நாடே சிரிப்பாய்ச் சிரிக்கிறது. பேருந்தில் ஒருவர் பதினான்காம் பிரிவை உரக்கப் படித்துக் காட்டினார், நடத்துநர் டிக்கெட் கொடுப்பதையே மறந்துவிட்டார். “நம்ம சட்டத்தை யாருய்யா எழுதினது?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். தம்பியின் ஆட்கள் காலை முதல் வேலைநிறுத்தம்.

சாயங்காலம் வானொலியில் அமைச்சர் பேசினார். அச்சகத்தின் கவனக்குறைவாம். பொறுப்பானவர்மீது நடவடிக்கையாம்.

அந்தப் பொறுப்பானவர் நான்.

மார்ச் 24, செவ்வாய்

விசாரணை. மேலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று விசாரணை அதிகாரி கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சோடாபுட்டி எழுந்து பதினான்காம் பிரிவை மனப்பாடமாக, கமா முற்றுப்புள்ளியோடு ஒப்பித்தார். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது. மூலத்தையும் செயலாளரின் கடிதத்தையும் மேஜைமேல் வைத்தேன். அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூன்று ஓட்டைகளையும் விரலால் தடவினார்.

“நீங்க போகலாம்மா” என்றார்.

ஏப்ரல் 9, வியாழன்

சட்டம் வாபஸ். ஆட்சியும் கவிழ்ந்தது. தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டான். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, கள்ளி!” என்றான். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனை வருடமாயிற்று!

மே 3, ஞாயிறு

தம்பி இரண்டு வாரம் வெளிநாடு போகிறான். துறைமுகங்களைச் சுற்றிப் பார்க்க நெட்டைச் சுவர்க்காரர்கள் அழைத்திருக்கிறார்கள். புதுப் பெட்டி, புதுக் கோட்டு. “அவங்க வேற மாதிரிக்கா, தொழிலாளிய மதிக்கிறாங்க” என்கிறான். இருக்கலாம். கோட்டு தோளில் கொஞ்சம் தொங்கியது. சொல்ல மனம் வரவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

அவன் ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வேலை அதிகமாக இருக்கும். என்ன வேலை?

ஜூன் 30, செவ்வாய்

புது அரசாங்கத்தின் துறைமுகச் சட்டம் வந்தது. தொண்ணூற்றொன்பது வருடம், நெட்டைச் சுவரின் கம்பெனிக்கு. இந்தத் தடவை காகிதம் நம்முடையது, இரண்டே ஓட்டை. பதினான்காம் பிரிவு அப்படியே இருக்கிறது, அதே ஆறு மாதம். துறைமுகத்தின் பெயர் மட்டும் சரியாக இருக்கிறது.

கேள்விச் சீட்டு இப்போது தாராளமாக அனுப்பலாம், பழைய உத்தரவை ரத்து செய்துவிட்டார்கள். சீட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கமாவாவது தப்பாக இருக்காதா என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் நிர்வாகக் குழுப் பட்டியல். ஏழாவது வரியில் சோடாபுட்டி மறுபடியும் நின்றார். தொழிலாளர் பிரதிநிதி என்று போட்டு, என் தம்பியின் பெயர்.

“படிங்க” என்றேன். படித்தார். இந்தத் தடவை ராகம் இல்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் போன் அடித்தது. தம்பி. இன்றைக்குத்தான் வந்தது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் கேட்கவில்லை.

“அக்கா, அது வந்துருச்சுல்ல? நல்லா பாத்தியா? போன தடவை மாதிரி தப்பு எதுவும் இல்லையே?”

“ஒண்ணுகூட இல்லடா” என்றேன்.

இந்தத் தடவை அவனிடம் பொய் சொல்லவில்லை.