நாங்கள் போன நாட்களின் காற்று

ஏப்ரல் 7, 2025 – திங்கள்

இன்றும் அட்மிஷன் ட்யூட்டி. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடாகப் பார்த்துக் கதவைத் தட்டி, எங்கள் கல்லூரியில் சேர்த்துவிடுங்கள் என்று கும்பிடு போடும் வேலை. இத்தனை வருடம் பாய்ம இயக்கவியல் நடத்திய பேராசிரியைக்கு ஒரு கட்டு நோட்டீஸும் கல்லூரி பெயர் போட்ட தொப்பியும் கொடுத்திருக்கிறார்கள். அனுப்பர்பாளையத்தில் ஒரு அம்மா மோர் கொடுத்துவிட்டு, "மெக்கானிக்கல் எல்லாம் இப்ப ஆருங்க படிக்கறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். போன வருடம் சேர்ந்தவர்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். ஜூனோடு துறையை மூடுகிறார்கள். துறையோடு எங்கள் ஆராய்ச்சி மையமும் போகிறது.

அதற்குள் மோனிஷாவின் தீஸிஸ் உள்ளே போயாக வேண்டும். என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே பிஎச்டி மாணவி. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தீஸிஸைச் சமர்ப்பித்திருக்க வேண்டுமாம்.

கால் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 9 – புதன்

வெயில். ஒரு பிள்ளைகூடத் தேறவில்லை.

ஏப்ரல் 16 – புதன்

மோனிஷாவின் ஐந்தாம் அத்தியாயத்தைப் படித்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறாள். எனக்குத்தான் மனசு விட்டுப்போகிறது.

பனியன் துணி பின்னும் இடத்தில் நூலிலிருந்து உதிரும் பஞ்சு, ஃபேன் காற்றில் எப்படிப் பறக்கும், எங்கே படியும், எவ்வளவு மூக்குக்குள் போகும் – இந்தக் கணக்கைத்தான் முப்பது வயதிலிருந்து கட்டிக்கொண்டு மாரடிக்கிறேன். அதைச் சரிபார்க்க, வீரபாண்டியில் மோகன்ராஜின் நிட்டிங் யூனிட்டில் இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை காற்றை உறிஞ்சி அளந்தோம். அளவு எப்போதும் என் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. கடைசியில் ஒரு திருத்தக் குணகம் போட்டு என் கணக்கைக் கீழே இறக்கினோம். பேப்பரும் வெளிவந்துவிட்டது. ஃபேன் செய்யும் கம்பெனி ஒன்று அதைப் படித்துவிட்டு மெயில் போட்டிருக்கிறது: இதன்படி பஞ்சு உறிஞ்சும் சாதனத்தைச் சின்னதாகவே செய்யலாமாம், நன்றியாம்.

ஏன் அந்தக் குணகம்? மோனிஷா நான்கு காரணம் எழுதியிருக்கிறாள். ஒன்றும் ஒட்டவில்லை. அவள் எழுதாமல் விட்ட காரணம், என் கணக்கு அடியிலிருந்தே தப்பு என்பது. அப்படியானால் இத்தனை வருடம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஏப்ரல் 22 – செவ்வாய்

அட்மிஷன் ட்யூட்டிக்கு வீரபாண்டி. மோகன்ராஜின் அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருப்பது ஞாபகம் வந்து, ஒரு நோட்டீஸ் கொடுக்கலாம் என்று யூனிட்டுக்குள் நுழைந்தேன்.

கண்ணிலும் மூக்கிலும் பஞ்சு அப்பியது. மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ட்யூப்லைட் மேல் பஞ்சு, நூல் கோன் மேல் பஞ்சு, துணி பார்த்துக்கொண்டிருந்த மோகன்ராஜின் மனைவி பூங்குழலியின் புருவத்தில் பஞ்சு. நான் இரண்டு வருடமாக வந்துபோன இடம் இது இல்லை.

மோகன்ராஜ் ஓடி வந்தார். "ஏனுங்க மேடம், ஒரு போன் பண்ணீருந்தா கூட்டி வெச்சிருப்பமல்லோ!"

"எப்பவும் கூட்டுவீங்களா?"

"நீங்க வர்றீங்கன்னா மொத நாளே ஏர் புடிச்சுப் பஞ்சயெல்லாம் ஊதி, கூட்டி, தண்ணி தெளிச்சு, பாதி மிசின நிறுத்தி வெச்சிருவமுங்க. பெரிய படிப்பு படிச்சவங்க, பொம்பளப் புள்ள வேற கூட வருது. பஞ்சுக்குள்ளயா நிக்க வெக்கறது?"

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விருந்தாளிக்கு வீட்டைக் கூட்டுவதுபோல எனக்காகக் காற்றைக் கூட்டி வைத்திருக்கிறார்கள்! தரை ஈரமாக இருந்ததை நான் பார்க்காமல் இல்லை. சுத்தமான மனுஷன் என்று பாராட்டக்கூடச் செய்தேன். மரியாதைக்கு முதல்நாளே போன் செய்ய வேண்டும் என்று மோனிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

நோட்டீஸைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 23 – புதன்

பைண்டிங் என்ன கலரில் போடலாம் என்று மோனிஷா கேட்டாள். நேரில் சொல்கிறேன் என்றேன். கோழைத்தனம்.

ஏப்ரல் 26 – சனி

மோனிஷாவிடம் சொல்லிவிட்டேன்: அளந்ததெல்லாம் கூட்டி வைத்த காற்று, தீஸிஸை இப்படியே கொடுக்க முடியாது.

 மோனிஷா, "இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான தெரியும் மேடம்?" என்றாள்.

பழைய அளவுகள் இருந்த நோட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"எங்கம்மா பனியன் கம்பெனியில டெய்லருக்குத் துணி மடிச்சுக் குடுக்கற கைமடி வேல பாத்துதான் என்னைப் படிக்க வச்சாங்க. இப்ப அவங்ககிட்ட போயி என்ன சொல்லட்டும்? அங்க நல்லாக் கூட்டிட்டாங்க, அதனால என் படிப்பு போச்சுன்னா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்ன பண்ணித் தொலைக்கறது நானு? அவளைக் கெடுக்க எனக்கு மட்டும் ஆசையா?

மே 5 – திங்கள்

மோனிஷாவிடமிருந்து போன் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தப் புள்ள பொழப்புல எதுக்கு மண்ணப் போடறே? இப்பக் குடுத்துட்டு, பொறவு திருத்திக்கலாமல்லோ" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். 

ஃபேன் கம்பெனிக்கு எழுதிவிட்டேன்: அந்தக் குணகத்தைப் பயன்படுத்தாதீர்கள், எங்கள் அளவீடு தவறு. என் பெயரை மட்டும் போட்டேன்.

மே 12 – திங்கள்

மத்தியானம் மோனிஷாவின் போன். பின்னால் மிஷின் சத்தம்.

"வீரபாண்டியிலதான் இருக்கேன் மேடம். காத்த உறிஞ்சற சாம்ப்ளர் வச்சிட்டேன். ஒரு வாரம் ஓடட்டும்."

யூனிட்டைக் கூட்டாமல் விட மோகன்ராஜ் லேசில் சம்மதிக்கவில்லையாம். "அழுக்க அளக்கறதுக்கு ஆராச்சும் ஊட்டக் காட்டுவாங்களா கண்ணு?" என்றாராம். பூங்குழலிதான் பேசி ஒத்துக்கொள்ள வைத்தாராம்.

ஏன் மனசு மாறினாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "எங்கம்மாவும் இந்தக் காத்துலதான மேடம் இருக்காங்க."

மே 21 – புதன்

சாம்ப்ளர் ஃபில்டரில் படிந்த பஞ்சை எடை போட்டுப் பார்த்தோம். திருத்தக் குணகம் தேவையே இல்லை. என் பழைய கணக்கு, போட்டது போட்டபடி பொருந்துகிறது.

சந்தோஷம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. மோனிஷா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். காபி குடித்து முடிக்கிற வரை இருந்தது அந்தச் சந்தோஷம். கணக்கு சரியென்றால் அவ்வளவும் அங்கே இருப்பவர்களின் நெஞ்சுக்குள் போகிறது என்று அர்த்தம். தப்பாகவே இருந்திருக்கலாம்.

ஜூன் 13 – வெள்ளி

மையத்தை மூடும் உத்தரவு வந்துவிட்டது. தீஸிஸுக்கு ஒரு வார அளவீடு போதாது, பருவத்துக்குப் பருவம் எடுக்க வேண்டும். மோனிஷாவின் பதிவைக் கோயம்புத்தூருக்கு மாற்றியாயிற்று. புது கைடு நல்லவர். அவளுக்குத் தருவதாகச் சொன்ன வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

தீஸிஸின் முதல் பக்கத்தில் என் பெயர் இருக்காது. "நன்றியுரையில முதல் ஆளா போடுறேன் மேடம்" என்றாள். போடு கண்ணு என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜூலை 9 – புதன்

கம்ப்யூட்டர் துறையில் முதலாண்டுக்கு பைத்தான் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் படித்துக்கொண்டு போகிறேன்.

சாயங்காலம் வீரபாண்டி போய், அளவு என்ன வந்தது, அது உடம்புக்கு என்ன செய்யும் என்று மோகன்ராஜ், பூங்குழலி இருவரிடமும் சொன்னேன். மோகன்ராஜ் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். உறிஞ்சும் சாதனம் பெரியதாகத்தான் வேண்டும் என்றேன்.

"போட்டரலாமுங்க. தீவாளி ஆர்டர் போகட்டும். அதுவரைக்கும் மிசின நிறுத்த முடியாதுங்க."

எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டிருக்கும்போது பூங்குழலி வாசல் வரை வந்தார்.

"தீவாளி வரைக்கும் எப்பவும்போல வந்துட்டுப் போங்க மேடம். அளக்காட்டிப் போகுது. வர்றதுக்கு மொத நாள் மட்டும் அவருக்கு ஒரு போன் பண்ணீருங்க."

வாரம் ஒருமுறை பண்ணுகிறேன் என்றேன்.