மூன்றாவது ஸ்லைடில் நீங்கள்

என் கும்பகர்ணரே,

நான் சுகம். உங்களைச் சுகமா என்று கேட்கத்தான் வழியில்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குத் தரை துடைக்கும் வேலையை ஸ்லைடு போட்டு விளக்கச் சொன்னார் சூப்பர்வைசர் அம்மா. தெரிந்ததையெல்லாம் ஒரே ஸ்லைடில் திணித்தேன். என்னோடு அறையில் தங்கியிருப்பவள் பார்த்துவிட்டு, "அக்கா, இதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள தரையே காஞ்சிடும். ஸ்லைடுக்கு ஒரு படம் போதும்" என்றாள். போனிலிருந்து படங்களை ஏற்றினேன்.

ஹாலில் எல்லார் முன்னாலும் திரையில் வாளி வந்தது, மாப்பு வந்தது, அடுத்து நீங்கள் வந்தீர்கள். வெறுந்தரையில் வாய் பிளந்து தூங்குகிற படம். கை தவறி அதையும் அமுக்கித் தொலைத்திருக்கிறேன்.

"யாரும்மா இது?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"ஈரத்துல காலை வெச்சா இந்தக் கதிதான்" என்று சமாளித்தேன். ஹாலே அதிர்ந்தது. நீங்கள் போனபிறகு அன்றைக்குத்தான் நானும் சிரித்தேன்.

"இதை மட்டும் எடுத்துடாதீங்க. இதுதான் மனசுல நிக்குது. இனிமே வர்றவங்களுக்கும் இதையே காட்டலாம்" என்றார்.

நீங்கள் செத்துப்போனது இங்கே யாருக்கும் தெரியாது. கனவில் வந்தால் தலையையாவது வாரிக்கொண்டு வாருங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லுங்கள், அந்தப் படம் அங்கேயே இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?