‘வீடு’ என்று எழுதிய வரி

செவ்வாய், இரவு.

காயத்தோடு வருகிறவர்கள் எந்த இடத்தில் அடிபட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் நாங்கள் எழுதிக் கொடுத்தால், போலீஸ் அங்கே ரோந்து போகும். அதுதான் ஏற்பாடு. குளியலறையில் வழுக்கியதாகச் சொன்ன ஷாதிபூர் செல்வியைப் போன வாரம் நான்தான் தைரியம் கொடுத்து, வீட்டில் அடிவாங்கியதைச் சொல்லவைத்தேன். ‘வீடு’ என்று எழுதினேன்.

இன்று காலை பட்டியல் வாங்க வந்த ஏட்டு அந்த வரியில் கோடு போட்டுவிட்டார்.

“கர் கா மாம்லா, வீட்டு விவகாரம், சிஸ்டர். படகுத்துறை, சாராய பார்னு எழுதினா ஆளை நிறுத்தலாம். வீட்டுக்குள்ள எப்படி ரோந்து போறது?”

சாயங்காலம் செல்வி மறுபடி வந்தாள். இந்த முறை தாடை. தையல் போட்டு முடித்ததும் கேட்டாள்.

“லிஸ்ட்ல எங்க வீட்டையும் எழுதிட்டீங்கல்ல, சிஸ்டர்?”

எழுதியாச்சு என்றேன். பொய் இல்லை.