திரு இருதயப் படமும் சத்தம் கடத்திய சுவரும்

லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

இங்கே புதிய அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பது சட்டம். ஒரு பக்கம் ஒலிபெருக்கியை அலறவிட்டு, மறுபக்கம் கருவியால் அளப்பதுதான் என் வேலை. போன கிழமை ஒரு சுவர் தேறவில்லை. அதனால் வீட்டை வாங்கியவரிடம் கதவுத் திறப்பையும், சாவியைத்தான், கொடுக்க முடியவில்லை. தேடிப் பார்த்தால், வீட்டை வாங்கிய மக்டலீன் அக்கா, எங்கள் குருநகர்க்காரி, கட்டட வேலையாட்களிடம் கேட்டு முன்கூட்டியே உள்ளே வந்து, நீள ஆணி ஒன்றை அடித்து இயேசுவின் திரு இருதயப் படத்தை மாட்டியிருக்கிறார். இடைவெளி விட்டுக் கட்டிய சுவரின் இரண்டு பக்கத்தையும் அந்த ஆணி இணைத்து, சத்தத்தைக் கடத்திவிட்டது.

"ஆண்டவருக்கு முன்னம் நான் எப்பிடித் தம்பி குடிபுகுறது?" என்றார்.

படத்தை வேறு சுவருக்கு மாற்றி, ஓட்டையை அடைத்து, திரும்ப அளந்தோம். இந்தமுறை சுவர் சித்தியடைந்துவிட்டது.

அம்மா, நான் போன் எடுக்கும்போது, எனக்குத் தெளிவாகக் கேட்கவேண்டுமென்று றேடியோவை நிறுத்திக் கதவைச் சாத்தவேண்டாம். பக்கத்து வீட்டு மரியரட்ணம் அண்ணை கத்திக் கதைத்தாலும் பரவாயில்லை. நான் இருக்கும் வீடும் இதே சோதனையில் சித்தியடைந்ததுதான்; பக்கத்து வீட்டில் ஆள் இருப்பதே கேட்பதில்லை.

பஸ்ஸுக்கு ஓடவேண்டும்.

மகன்,
கிறிஸ்ரி